பதினேழாவது நகர்வுக்கு நூறு

மாமா கெட்டிக்காரர். அதை யாரும் மறுக்க முடியாது. தனி ஆளாக உட்கார்ந்து, நாலு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு, தானாகவே செஸ் ஆடுகிற ஒரு நிரலை, இன்ஜின் என்பார்கள் அதை, கணினியில் எழுதினார். அதற்குக் கோடாலி என்று பேரும் வைத்தார். பொருத்தமான பேர்தான். அந்த வீட்டில் வெட்டு வாங்காத பொருள் எதுவும் கிடையாது. கதவில் குத்து விழுந்த பள்ளம், சுவரில் தட்டு பட்டுப் பெயர்ந்த காரை, அவர் மனைவியான அக்காவின் இடது புருவத்தில் மூன்று தையல். இவ்வளவு மூளை உள்ள மனுஷனுக்குக் கை மட்டும் மூளையைக் கேட்காமலே நீளும்.

அக்காவின் தம்பிக்கு அந்த வீட்டில் ‘புக்கு’ என்று பேர். பகலில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. சாயங்காலம் கோடாலிக்குப் புத்தகம் எழுதுகிற வேலை. புத்தகம் என்றால் தாளும் அட்டையும் உள்ளது இல்லை, கணினிக்குள் ஒரு கோப்பு. ஆட்டத்தின் முதல் பதினைந்து இருபது நகர்வுகளுக்கு, எதிராளி இதை ஆடினால் நீ அதை ஆடு என்று முன்கூட்டியே எழுதிவைப்பது. ஒவ்வொரு நகர்வுக்கும் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். ஐம்பது என்றால் கோடாலி பாதித் தடவை அதை ஆடும். நூறு என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் ஆடும். புத்தகம் தீர்கிற வரைக்கும் இன்ஜின் யோசிக்கவே யோசிக்காது.

மாமாவுக்கு அது பிடிக்காது.

“பிட்டு அடிச்சுப் பாஸ் பண்றவனாடா என் கோடாலி? அதுக்கு மூளை இருக்கு, தானா யோசிக்கும். உன் புக்கெல்லாம் எனக்குத் தூசு” என்பார்.

“யோசிக்கும் மாமா. ஆனா முதல் இருபது நகர்வுக்கே பாதி நேரத்தைத் தின்னுடும். அப்புறம் கடைசியில மூச்சு வாங்கும்.”

“வாயை மூடு.”

போன வருஷம் புத்தகமே இல்லாமல் கோடாலியைப் போட்டிக்குக் கொண்டுபோனார். நாலு ஆட்டம், நாலிலும் தொடக்கத்திலேயே காய்களின் நிலை கெட்டு, கடிகாரத்தில் நேரமும் இல்லாமல் உதை வாங்கியது. கோடாலி வாங்கிய உதையை மாமா வீட்டுக்கு வந்து அக்காவுக்குத் திருப்பிக் கொடுத்தார். புருவத்தில் தையல் விழுந்தது அன்றைக்குத்தான். அதற்கடுத்த வாரம் எதுவும் நடக்காத மாதிரி, “டேய் மச்சான், உன் புக்கை அதுல ஏத்திவிடு” என்றார். ஏற்றியதும் கோடாலி ஜெயிக்கத் தொடங்கியது. இந்த வருஷம் இறுதி ஆட்டம் வரைக்கும் வந்துவிட்டது. ஆனாலும் அந்தக் கோப்பை மாமா ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. பார்த்தால் அதற்கு மதிப்பு இருக்கிறது என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே!

இறுதி ஆட்டத்துக்கு மூன்று வாரம் முன்னால் நடந்தது இது. வீட்டில் பயிற்சி ஆட்டம் ஒன்றில் கோடாலி தோற்றது. அந்த நேரம் பார்த்து அக்கா காபி கொண்டுவந்தாள். மாமா டம்ளரை வாங்கினார், அவளை நிமிர்ந்து பார்த்தார், காபியை அப்படியே அவள் கழுத்தில் வீசினார். அக்கா கத்தவில்லை. மூச்சை உள்ளே இழுத்த சத்தம் மட்டும்தான் வந்தது. தரையில் படம் வரைந்துகொண்டிருந்த ஏழு வயசுப் பாப்பா பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது. யாரும் சொல்லவேண்டியதே இல்லை, குழந்தைக்கு அது பழக்கமாகியிருந்தது. என்ன கொடுமை!

தம்பி எழுந்தான்.

“உட்காரு” என்றார் மாமா.

உட்கார்ந்தான். முப்பத்தோரு வயசு, தடிமாடு மாதிரி உடம்பு, ஒரு வார்த்தைக்கு உட்கார்ந்துவிட்டான்.

அப்புறம் சமையலறைக்குப் போனான். அக்கா குழாயடியில் குனிந்து கழுத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

“அக்கா, கிளம்பு. என் ரூமுக்கு வந்துடு.”

“உன் ரூம் எங்கன்னு அவருக்குத் தெரியாதா? பேப்பரெல்லாம் பீரோவுக்குள்ள இருக்கு. பாப்பாவோட பிறப்புச் சான்றிதழ், என் படிப்பு சர்டிபிகேட் எல்லாமே. சாவி அவர் இடுப்பில.” தண்ணீரை நிறுத்தினாள். “நீ குறுக்க வராத. நீ ஒரு வார்த்தை பேசினா எனக்கு ரெண்டு அடி கூட விழுது. புரியுதா? நீ எது பண்ணினாலும் அது என் மேலதான் வந்து விடியும்.”

புரிந்தது என்று தலையாட்டினான். எங்கே புரிந்தது!

அன்றிலிருந்து அவனுக்குள் ஒரே நினைப்பு. வாய் திறக்கக்கூடாது, சரி. கை ஓங்கக்கூடாது, அதுவும் சரி. ஒரே ஓர் எண்ணை மாற்றினால்? இறுதி ஆட்டம் கல்லூரி அரங்கில். பெரிய திரையில் ஒவ்வொரு நகர்வும் தெரியும். முன்னூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அத்தனை பேர் முன்னாலும் கோடாலி மண்ணைக் கவ்வவேண்டும். அந்த மனுஷன் தலை குனிந்து உட்கார்ந்திருப்பதை ஒரே ஒரு தடவை கண்ணால் பார்க்கவேண்டும்.

எதிராளி ஒரு பேராசிரியை. அவருடைய இன்ஜினின் பழைய ஆட்டங்கள் எல்லாம் பொதுவில் கிடைத்தன. அது எப்போதும் ஒரே பாதையில்தான் தொடங்கும். அந்தப் பாதையில் பதினேழாவது நகர்வில், மந்திரியைப் பலிகொடுத்து எதிரி ராஜாவின் முன்னால் நிற்கும் சிப்பாயை வெட்டுகிற ஒரு நகர்வு உண்டு. ஒரு காலத்தில் அதைப் பிரமாதம் என்று எழுதினார்கள். பிறகு, எதிராளி ராணியை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினால் போதும், மந்திரியைக் கொடுத்தவன் காலி என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த நகர்வுக்குத் தம்பி நூறு போட்டான். மற்ற எல்லாவற்றுக்கும் பூஜ்யம். ஒரு காற்புள்ளியைக்கூட விடாமல் திருத்துகிற ஆள் அவன். இருநூறு தடவை ஓட்டிப் பார்த்தான். இருநூறிலும் கோடாலி ஒரு மணி நேரத்துக்குள் செத்தது.

சனிக்கிழமை அக்கா போன் செய்தாள். பின்னால் துணி தோய்க்கிற இயந்திரத்தின் சத்தம். வேண்டுமென்றே அதன் பக்கத்தில் நின்று பேசியிருக்கிறாள் என்பது அவனுக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

“நாளைக்கு ஆட்டம் எத்தனை மணி வரைக்கும் போகும்டா?”

“எதுக்குக்கா?”

“சும்மாதான். எத்தனை மணிக்கு வருவீங்கன்னு தெரியணும்ல.”

சாப்பாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். நிஜத்தைச் சொன்னால் குட்டு உடைந்துவிடும்.

“ஒன்பது மணிக்கு ஆரம்பிக்கும். ரெண்டு மணியாவது ஆகும்.”

“நிச்சயமா?”

“நிச்சயமாக்கா.”

“சரிடா” என்று வைத்துவிட்டாள். அந்தக் குரலில் இருந்தது நிம்மதி என்பதுகூட அந்த முட்டாளுக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி. மேடையில் இரண்டு மடிக்கணினி, நடுவில் ஒரு பலகை, கடிகாரம். மாமா சலவைச் சட்டை போட்டு, வாசனை எல்லாம் அடித்துக்கொண்டு வந்திருந்தார். தம்பி அவருக்குப் பின்னால் முக்காலியில். கோடாலி பட் பட்டென்று நகர்வுகளைத் துப்பியது. திரையைப் பார்த்து முன்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். பதினேழாவது நகர்வில் மந்திரி போய்ச் சிப்பாயை வெட்டியது. அரங்கமே ‘ஓ’ என்றது.

“பார்த்தியா என் பிள்ளையை?” என்று திரும்பிச் சிரித்தார் மாமா. அது புத்தகத்து நகர்வு, பிள்ளை யோசிக்கவே இல்லை என்பது அவருக்குத் தெரியவில்லை.

பேராசிரியையின் இன்ஜின் எட்டு நிமிஷம் யோசித்தது. பிறகு ராணியை ஒரு கட்டம் நகர்த்தியது.

இப்போதுதான் கோடாலிக்குப் புத்தகம் தீர்ந்தது. முதல் தடவையாகத் தன் சொந்த மூளையால் பலகையைப் பார்த்தது. ஆட்டம் யார் பக்கம் என்று காட்டுகிற எண் திரையின் ஓரத்தில் இறங்கியது. மைனஸ் ஒன்று. மைனஸ் மூன்று. மைனஸ் ஐந்து. அரங்கில் ஒருவன் சிரித்தான். அப்புறம் பத்துப் பேர். இருபத்துநாலாவது நகர்வில் கோடாலியின் ராஜா நடுத்தெருவில் நின்றது. மாமா தோல்வியை ஒத்துக்கொண்டு கடிகாரத்தை நிறுத்தினார். மணி பத்தாக ஐந்து நிமிஷம் இருந்தது.

தம்பிக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. சந்தோஷம்தான், மறைப்பானேன். மாமாவின் கழுத்து சிவந்துபோயிருந்தது. தலை குனிந்திருந்தது. இதற்குத்தானே மூன்று வாரம் உழைத்தான்!

மாமா எழுந்திருக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கோப்பைத் திறந்தார். பதினேழாவது நகர்வு. நூறு. கீழே வரிசையாகப் பூஜ்யம். மாற்றிய தேதி, இருபது நாளுக்கு முன்னால். மனுஷன் கெட்டிக்காரர் என்று முதலிலேயே சொன்னேன். எல்லாவற்றையும் ஒரே பார்வையில் படித்துவிட்டார்.

“கையை இங்க வை” என்றார், மெதுவாக.

“மாமா...”

தம்பியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக் கணினியின் விசைகள் மேல் வைத்தார். திரையோடு சேர்ந்த மூடியை அவன் விரல்கள் மேல் ஓங்கி அறைந்தார். விரல் எலும்பு நொறுங்கிய சத்தம் முன்வரிசைக்குக் கேட்டது. இரண்டாம் தடவையும் அறைந்தார். தம்பி வளைந்து விழுந்தபோது முழங்காலால் அவன் மூக்கில் ஓர் இடி. சட்டைப்பையிலிருந்து தெறித்த அவன் போனைக் காலடியில் போட்டு மிதித்து, குதிகாலால் அரைத்தார். நாலு பேர் ஓடிவந்து பிடிப்பதற்குள் குனிந்து அவன் காதில் சொன்னார்.

“உனக்கு இவ்வளவுதான்டா. மீதியை உங்க அக்காகிட்ட சொல்லிடறேன்.”

பிடித்தவர்களை உதறிவிட்டு நடந்தார். வெளியே அவருடைய கார் கிளம்புகிற சத்தம் கேட்டது.

அப்போதுதான் தம்பிக்குப் பகீரென்றது. ரத்தம் வாய்க்குள் உப்பாக இறங்கியது. பலகையில் எதிராளி என்ன ஆடுவார் என்று இருநூறு தடவை பார்த்தாயே, இந்த ஆள் தோற்றால் நேரே எங்கே போவான் என்று ஒரே ஒரு தடவை பார்த்தாயா? அக்கா கழுத்தில் தண்ணீரை விட்டுக்கொண்டே சொன்னாளே, என் மேலதான் வந்து விடியும் என்று! மடையா, மடையா!

“மேடம், உங்க போனைக் குடுங்க” என்று பேராசிரியையின் கையிலிருந்து பிடுங்கினான். இடது கையால் அக்காவின் எண்ணை அழுத்தினான். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தான். மறுபடியும் எடுக்கவில்லை. தெரியாத எண்ணை அக்கா எடுக்கமாட்டாள். ராத்திரி மாமா அவள் போனை வாங்கி, யார் யார் பேசினார்கள் என்று பார்ப்பார். அந்தப் பயம் அவள் கையில் ஊறிப்போயிருந்தது.

“போலீசுக்குச் சொல்லுங்க மேடம்” என்று முகவரியைக் கத்திவிட்டு ஓடினான்.

ஸ்கூட்டரை ஒற்றைக் கையால் ஓட்டினான். வலது கை மடியில் பிசைந்த மாவு மாதிரிக் கிடந்தது. சிக்னலில் நிற்கவில்லை. ஒரு வண்டிக்காரன், “செத்துத் தொலையப்போற!” என்று கத்தினான்.

வீட்டு வாசலில் மாமாவின் கார் குறுக்கே நின்றது. கதவு சாத்தியிருந்தது. படியில் ஓர் ஆள், மடியில் கருவிப் பை, தாடையில் ரத்தம், எழுந்து போகவும் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

“யாருங்க நீங்க?”

“பூட்டுக்காரன், தம்பி. இந்த வீட்டம்மா பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தாங்க, பீரோ திறக்க. திறந்தாச்சு, பேப்பரெல்லாம் எடுத்துப் பைக்குள்ள வெச்சுட்டாங்க. பதினொன்றரைக்கு வேன் வருதாம். வீட்டுக்காரர் ரெண்டு மணிக்கு முன்னாடி வரமாட்டார்னாங்க...” அவருக்கு நாக்குக் குழறியது. “வந்துட்டாருங்க. என்னை அடிச்சு வெளிய தள்ளிட்டுப் பூட்டிட்டாரு.”

ரெண்டு மணி.

உள்ளே ஏதோ பெரிய பொருள் கவிழ்ந்த சத்தம். அதற்குமேல் ஒரு சத்தம், ஈரத் துணியைக் கல்லில் அடிக்கிற மாதிரி. மறுபடியும். மறுபடியும். அக்காவின் குரல் மட்டும் வரவில்லை.

தோளால் கதவை மோதினான். அசையவில்லை.

“திறங்க! இதைத் திறங்க!”

“தம்பி, நான்...”

“உங்க காலில விழறேன், திறங்க!”

பூட்டுக்காரர் மண்டியிட்டார். மெல்லிய இரண்டு கம்பிகளைச் சாவித் துவாரத்தில் விட்டார். ஒரு கம்பி கை தவறிக் கீழே விழுந்தது. தம்பி தடவி எடுத்துக் கொடுத்தான். உள்ளே அடிக்கிற சத்தம் நிற்கவில்லை. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, அந்த ஒரு நிமிஷத்தில் அவன் எண்ணிய அடி பதினொன்று. கதவு திறந்தது.

அக்கா பீரோவுக்கு முன்னால் குப்புறக் கிடந்தாள். ஒரு கை பையின் பட்டையைச் சுற்றிப் பிடித்திருந்தது. விடவே இல்லை. மாமா பீரோவின் இரும்பு இழுப்பறையை இரண்டு கையாலும் தூக்கி நின்றார். அதன் மூலையில் அக்காவின் முடி ஒட்டியிருந்தது.

“வாடா புக்கு” என்றார், மூச்சு வாங்கியபடி. “உட்காரு.”

தம்பி உட்காரவில்லை. அலமாரியில் போன மாதப் போட்டியில் கோடாலி வாங்கிய வெற்றிக்கோப்பை இருந்தது, அடிப்பக்கம் பளிங்குக் கல். இடது கையால் அதை எடுத்தான். முதல் அடி தோளில். எலும்பு போனது. இழுப்பறை விழுந்தது. இரண்டாவது அடி வாயில். பல் தரையில் உருண்டது. மாமா சுவரோடு சரிந்து கையைத் தூக்கினார். “வேணாம்டா மச்சான்” என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் தம்பிக்கு வெறி இரண்டு மடங்கானது. எத்தனை தடவை அக்கா இதைச் சொல்லியிருப்பாள்! அடித்தான். அடித்தான். பூட்டுக்காரர் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தார்.

“போதும் தம்பி! செத்துடுவான்! அந்தம்மாவைப் பாருங்க, மூச்சு இருக்கு, அவங்களைப் பாருங்க!”

கோப்பை கையிலிருந்து நழுவியது. தம்பி தவழ்ந்துபோய் அக்காவைத் திருப்பினான். அவள் முகத்தில் எது வாய், எது கன்னம் என்று தெரியவில்லை. குளியலறைக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது.

“அம்மா, முடிஞ்சுதா?”

பதினொன்றரைக்கு வேன் சொன்ன நேரத்துக்கு வந்தது. ஆம்புலன்சும் போலீஸ் வண்டியும் வழியை மறித்திருந்ததால் தெருமுனையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனது.

ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு நினைவு வர ஆறு நாள் ஆனது. தாடையில் இரண்டு இடத்தில் முறிவு, பற்களைக் கம்பியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். இடது கண் இனித் தெரியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமா அதே கட்டடத்தின் மூன்றாவது மாடியில், கட்டிலோடு விலங்கு பூட்டப்பட்டுக் கிடந்தார். தம்பி மேலும் வழக்கு இருந்தது. அதைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை. வலது கையில் மாவுக்கட்டு. பாப்பா அவன் மடியிலேயே தூங்கியது. இரவில் யாராவது கதவைச் சாத்தினால் எழுந்து குளியலறையைத் தேடியது.

ஆறாம் நாள் காலையில் அக்கா கையை அசைத்தாள். நர்ஸ் ஓர் அட்டையும் பேனாவும் கொடுத்தார். அக்கா முதலில் ‘பாப்பா’ என்று எழுதினாள். தம்பி குழந்தையைத் தூக்கிக் காட்டினான். அடுத்து ‘பை’ என்று எழுதினாள்.

“பத்திரமா இருக்குக்கா. எல்லாப் பேப்பரும் இருக்கு.”

அக்கா ஒற்றைக் கண்ணால் அவனையே பார்த்தாள். அதில் கோபம் இல்லை, நிஜமாகவே புரியாத பார்வை. பேனா மறுபடியும் நகர்ந்தது. ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாக எழுதி, அட்டையை அவன் பக்கம் திருப்பினாள்.

‘ரெண்டு மணி ஆகும்னு சொன்னியேடா?’

அச்சகத்தில் தினம் நூறு பக்கம் படிக்கிறவன், அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தான். பொய் சொல்லலாம். கோடாலி கோளாறாகிவிட்டது, மின்சாரம் போய்விட்டது என்று எதையாவது சொல்லலாம். அவன் முகம் எதையும் மறைக்காது, அக்கா பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவாள். அதற்குப் பயந்துதானே அவளும் தன் திட்டத்தை அவனிடம் சொல்லவில்லை.

“நான்தான்கா பண்ணினேன்” என்றான். பதினேழாவது நகர்வு, நூறு, முன்னூறு பேர், எல்லாவற்றையும் சொன்னான். “உனக்காகத்தான்கா...” என்று தொடங்கிப் பாதியிலேயே விட்டுவிட்டான்.

அக்கா கடைசிவரைக்கும் கேட்டாள். பிறகு அட்டையை வாங்கி, ஏற்கெனவே எழுதியிருந்ததற்குக் கீழே இரண்டே வார்த்தை எழுதினாள்.

‘என்னைக் கேட்டியா?’

எழுதி முடித்துவிட்டுப் பேனாவை மூடி நர்சிடம் கொடுத்தாள். பாப்பாவைத் தன் பக்கத்தில் படுக்கவைக்கச் சொல்லிக் கையால் காட்டினாள். தம்பி ஒற்றைக் கையால் குழந்தையைத் தூக்கிக் கட்டிலில் விட்டான். அக்கா அதை அணைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.